ஐந்தரைக்கு முன்னால் பதிந்தவர்கள்

எனக்கு ஐம்பத்தொரு வயதில் ஒரு ராக்கெட் கிளம்பியது. திண்டிவனத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டிவிட்டு, பிரவுசரில் முகவரி போட்டு, என்டரை அழுத்தினேன். வெள்ளைப் பக்கத்தில் சின்னதாக ஒரு ராக்கெட் புகை விட்டுக்கொண்டு நின்றது. கீழே வாழ்த்துகள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த காலேஜ் பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் போனில் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். "எப்ப வுட்டாங்க? நியூஸ்ல சொல்லலியே" என்று பதில் வந்தது.

நம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் இதையெல்லாம் படிக்கும்போதே பார்த்துப் பழகியவர்கள். வெப் பக்கம் கட்ட உதவும் ஜாங்கோவை நிறுவியதும் வருகிற முதல் பக்கம், அதில் என்ன இருக்கிறது என்பீர்கள். எனக்கு அப்படி இல்லை. அதுவரை கம்ப்யூட்டர் என்றால் யாரோ செய்து வைத்த கட்டங்களில் நான் விவரம் நிரப்புவது. அன்றைக்குத்தான் நான் சொல்லி அது ஒன்றைச் செய்தது. விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் அந்தப் போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். விக்கிரவாண்டி தாண்டியதே தெரியவில்லை.

ரிட்டயர் ஆனவள் பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்குமோ என்று கவலைப்படாதீர்கள். புரோகிராம் எழுதுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் செய்த ஒரு தப்பையும், அது வெளியே வந்த இரண்டு நாளில் நடந்ததையும் மட்டும் சொல்கிறேன். அந்தப் புரோகிராமைத்தான் இனிமேல் நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்.

அப்போது நம் உழவர் குழுவின் ஆபீஸ் காணை ரோட்டில் ஒரு உரக்கடைக்குப் பின்னால் இருந்தது. நான் அங்கே கிளார்க். இன்றைக்கு ஐந்து மிஷின் வைத்திருக்கிறோம். அன்றைக்கு நெல் அறுக்கும் மிஷின் ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்து பேர் வயலை அறுக்கும். யாருக்கு எந்த நாள் என்று நோட்டில் எழுதி வைப்பது என் வேலை. நோட்டு ஆபீஸில் இருக்கும், நான் வீட்டில் இருப்பேன், போன் வரும். குழம்பு தாளிக்கும்போது வரும். கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது வரும். "கிளார்க்கம்மா, என் பேரு எத்தினியாவது?" அறுவடை சமயத்தில் எல்லாரும் கேட்பது அந்த ஒரு கேள்விதான். அவரவர் போனிலேயே பதிந்துகொள்கிற மாதிரி ஒரு பக்கம் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று தோன்றியது. செய்து கொடுக்க ஆள் இல்லை. நாமே கற்றுக்கொண்டால் என்ன என்று அடுத்துத் தோன்றியது எனக்கே ஆச்சரியம்தான்.

திண்டிவனத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுத்தவர், தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். டீச்சர் என்றே சொல்கிறேன். என்னைவிட இருபது வயது சின்னவர். செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். பிறந்த வீட்டில் மல்லாட்டைக் கடலையும் நெல்லும் விவசாயம். கல்யாணமாகி திண்டிவனம் வந்து, வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தார். ஜாங்கோ என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, "அஸ்திவாரம், தூண், கதவு, தாழ்ப்பாள் எல்லாம் ரெடியா குடுத்துடுவாங்க. எந்த ரூமுல யாரு இருக்கணும்னு மட்டும் நாம முடிவு பண்ணணும்" என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை இதுவரை நான் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். ஒரு தப்பைப் பிடிக்க முடியாமல் நான், "இன்னும் பத்து நிமிஷம் டீச்சர்" என்று கெஞ்சுவேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அஞ்சு மணிக்குள்ள முடியலன்னா பெரிய துண்டா எடுத்துக்கினீங்கன்னு அர்த்தம். அடுத்த வாரம் சின்னதா வெட்டிக்கினு வாங்க" என்பார். எனக்குக் கோபமாக வரும். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து வெட்டிப் பார்த்தால், பாதி வழியிலேயே தப்பு கையில் சிக்கிவிடும்.

முதல் மாதம் முழுக்கக் கம்ப்யூட்டரிடம் திட்டு வாங்கினேன். கறுப்புத் திரையில் முப்பது வரி, நாற்பது வரி சரசரவென்று விழும். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"முழுசும் படிக்காதீங்கம்மா. கடைசி வரியை மட்டும் படிங்க."

படித்தேன். என்ன குறை என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அதற்கு மேலேயே எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்றும் இருந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். பத்தி ஆரம்பிக்க ஐந்து இடம் விட்டுப் பழகிய கை. சில வரிக்கு நாலு இடம், சில வரிக்கு ஐந்து இடம் விட்டு வைத்திருந்தேன். நாங்கள் எழுதிய பைத்தான் மொழிக்கு அது ஆகாது. இத்தனை நாள் என்னைத் திட்டுகிறது என்று நினைத்தேன், அது எனக்கு வழி காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு தப்பு வந்தால் எனக்குக் குஷிதான். கடைசி வரியைப் படிக்க ஓடுவேன்.

நான்கு மாதத்தில் பக்கம் தயாரானது. பேர், ஊர், எத்தனை ஏக்கர். கீழே பெரிய பச்சைப் பட்டன், அதில் 'நாளைக்கு மிஷின் வேண்டும்'. அழுத்தினால், 'பதிவாகிவிட்டது. நாளை மிஷின் வரும்' என்று வரும். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுநாள் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து மிஷின் டிரைவர் சேகரிடம் கொடுப்பேன். ஐந்து பேருக்கு மேல் இருந்தால், மிச்சப் பேருக்கு நானே போன் செய்து அதற்கு அடுத்த நாளுக்கு மாற்றுவேன்.

முதல் பதிவு வந்த நிமிஷம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒருவர் அங்கிருந்தே பதிகிறார், காணை ரோட்டில் என் திரையில் அவர் பேர் விழுகிறது. ஓடிப்போய் உரக்கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினேன். "இன்னாம்மா இது, பேரு தானா வருது" என்றார். தானா வரவில்லை, நான் வரவழைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பெருமையோடுதான் என் தப்பும் ஆரம்பித்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் கன்னியம்மா ஆபீசுக்கு வந்தார். காணையைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். மூன்று ஏக்கர் நெல், இரண்டு கறவை மாடு, எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர்.

"நேத்து பதிஞ்சேன், இன்னிக்கு மிஷினு வரலியே" என்றார்.

பட்டியலைப் பார்த்தேன். அவர் பேர் இல்லை. "பட்டனைச் சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க."

"பச்சையா வந்துது. நாளை மிஷினு வரும்னு எழுத்து வந்துது. படிச்சேனே."

"அப்ப நெட்டு இல்லாம இருந்திருக்கும். இப்ப நானே பதிஞ்சி தர்றேன், போங்க."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இதே மாதிரி வந்து போயிருந்தார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான் சொல்லியிருந்தேன். எனக்கு ஒரு தடவைகூட அந்தப் பக்கம் தப்பாகப் போனதில்லை. ஆகவே தப்பு அவர்களுடையது. இப்படித்தான் என் புத்தி ஓடியது.

தை பிறந்து இரண்டு வாரம் இருக்கும். அந்தச் சமயத்தில் யாரும் மழையை எதிர்பார்ப்பதில்லை. கடலில் புயல் சின்னம், வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து கனமழை என்று செவ்வாய்க்கிழமை டிவியில் சொன்னார்கள். வயலெல்லாம் கதிர் முற்றி நிற்கிறது. புதன்கிழமை சாயங்காலம் மறுநாள் பட்டியலை எடுத்தேன். சரியாக ஐந்து பேர். இவ்வளவு அவசரத்திலும் கூச்சல் குழப்பம் இல்லாமல் நடக்கிறதே, எல்லாம் நம் பக்கத்தால்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேரும் பதிந்திருக்கிறார்கள். ஏழு பேர் பேரும் பட்டியலில் இல்லை என்று சேகர் சொல்லியிருக்கிறார். நெல் ஏற்ற டிராக்டரைக் கூப்பிட்டு வைத்துவிட்டு விடிந்ததிலிருந்து காத்திருந்தவர்கள். கன்னியம்மா முன்னால் நின்றார். அவருடைய வாய்க்கால் ஓரத்து ஒன்றரை ஏக்கர் இன்னும் அறுக்காமல் இருந்தது.

"இப்ப சொல்லு கிளார்க்கம்மா. ஏழு பேருக்கும் அழுத்தத் தெரியலியா?"

உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். அவர் பேரைத் தேடினேன். இருந்தது. ஆனால் புதன்கிழமைப் பட்டியலில் இருந்தது. பதிந்த நேரம், செவ்வாய் இரவு பதினொன்றே கால். ஜன்னல் வழியாகவே கேட்டேன்.

"செவ்வாக்கிழமை ராத்திரி பதினொன்னே காலுக்குப் பதிஞ்சிருக்கீங்க. புதன்கிழமைக்கு."

"ராத்திரி பதினோரு மணிக்கா? எட்டு மணிக்குப் படுத்தன்னா எனக்கு உலகமே தெரியாது. புதன்கெழம விடியக்காலையில, பால் கறக்கப் போறதுக்கு முன்னாடி அழுத்தினேன். நாலே முக்கா இருக்கும்."

அடுத்து ஏழுமலை என்று ஒருவர். ஒரு ஏக்கர்க்காரர், அதிகம் பேசாதவர். கம்ப்யூட்டர் அவருக்குச் செவ்வாய் இரவு பதினொன்று நாற்பது என்றது. அவரைக் கேட்டேன்.

"சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறப்ப பதிஞ்சேன். புதன்கெழம காலையில. அஞ்சு பத்து இருக்குங்க."

மற்ற ஐந்து பேரையும் கேட்டேன். ஒருவர் சாணி அள்ளுவதற்கு முன்னால், ஒருவர் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டு. ஏழு பேரும் மாடு வைத்திருக்கிறவர்கள். பட்டியலில் சரியாக வந்த ஐந்து பேருக்கும் போன் செய்து கேட்டேன். காலை டிபனுக்கு அப்புறமும் மதியமும் பதிந்தவர்கள்.

ஒரு தாளை எடுத்து எழுதினேன். பதினொன்றே கால், நாலே முக்கால். இடையில் ஐந்தரை மணி நேரம். பதினொன்று நாற்பது, ஐந்து பத்து. அதிலும் ஐந்தரை மணி நேரம். மூன்றாவது ஆளுக்கும் ஐந்தரை. வெளியே ஏழு பேர் கோபத்தோடு நிற்கிறார்கள், எனக்கு உள்ளே படபடவென்று சந்தோஷம் அடிக்கிறது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இந்த வேலைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் அது நடக்கும். டீச்சருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், வாசல்ல ஆளுங்க வந்து நிக்கறாங்க. மாடு வெச்சிருக்கிறவங்க பேரு மட்டும் காணாமப் போகுது. எல்லாருக்கும் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது."

டீச்சர் உடனே பிடித்துவிட்டார். "செட்டிங்ஸ் ஃபைல்ல எந்த ஊரு நேரம்னு ஒரு வரி இருக்கும். என்ன போட்டிருக்கு, படிங்க."

"யூடிசி."

"அது லண்டன் பக்கத்துக் கடிகாரம்மா. நமக்குக் காலையில அஞ்சரை ஆகும்போதுதான் அதுக்கு ராத்திரி பன்னெண்டு அடிக்கும். நாம அஞ்சரைக்கு முன்னாடி அழுத்தினா, அதுக்கு இன்னும் நேத்துதான்."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. புதன்கிழமை விடியலில் கன்னியம்மா 'நாளை' என்று அழுத்துகிறார். என் புரோகிராமுக்கு அது இன்னும் செவ்வாய். செவ்வாய்க்கு நாளை புதன். புதன்கிழமைப் பட்டியலையோ செவ்வாய் சாயங்காலமே சேகரிடம் கொடுத்தாகிவிட்டது. அந்த ஏழு பேரும் இனி யாரும் திறந்தே பார்க்காத ஒரு பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தினமும் பத்து மணிக்கு மேல் ஆபீஸில் உட்கார்ந்து சோதித்தவள். எனக்கு எப்படித் தப்பாக வரும்? பாடம் படிக்கும்போது அந்த மூன்று எழுத்தையும் பார்த்திருக்கிறேன். ஏதோ கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"ஒரே ஒரு வரிதான் டீச்சர். இப்பவே மாத்திடறேன்." கை கீபோர்டுக்குப் போய்விட்டது.

"வேணாம். கையை எடுங்க. வெளிய எத்தினி பேரு நிக்கறாங்க?"

"ஏழு."

"இன்னிக்கு விடியக்காலையில வெள்ளிக்கிழமைக்குன்னு பதிஞ்சவங்க எத்தினி பேரு?"

அதை நான் யோசிக்கவே இல்லை. பார்த்தேன். மூன்று பேர். அவர்களும் தப்பான நாளில்தான் கிடந்தார்கள். நாளைக்கு மிஷின் வரும் என்று நம்பி வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

"அப்ப பத்து பேரு" என்றார் டீச்சர். "புதுசா யாரும் பதியாதபடி பக்கத்தை மட்டும் மூடி வைங்க. அந்த வரி சாயங்காலம் வரைக்கும் அங்கயேதான் இருக்கும், ஓடிடாது. மழை உங்க ஃபைல் மேல பெய்யப் போறதில்லம்மா. பேரும் நேரமும் எதுவும் அழியல. தாள்ல எழுதிக்கினு வெளிய போங்க."

இதை உங்களுக்கு எப்படி அழுத்திச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அந்த ஒரு வரியை மாற்றுவதைவிட இனிப்பான வேலை உலகத்தில் இல்லை. மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்கு மட்டும். வாசலில் நின்ற ஒருவருக்கும் அதனால் ஒரு கதிர்கூட அறுபட்டிருக்காது. எழுந்து வெளியே போவதற்குத்தான் கால் வரவில்லை.

போனேன். "தப்பு என்னோடது. நீங்க ஏழு பேரும் சரியாத்தான் அழுத்தியிருக்கீங்க. நான் கம்ப்யூட்டர்ல நேரத்தைச் சரியா வைக்கல. விடியறதுக்கு முன்னாடி பதிஞ்சா ஒரு நாள் தள்ளிப் போயிருக்கு."

கன்னியம்மா கேட்டார். "பொங்கலுக்கு முன்ன நான் வந்து சொன்னனே, அப்பவும்?"

"அப்பவும் நீங்க சொன்னதுதான் சரி. நான் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

பின்னால் நின்ற ஒருவர் சத்தம் போட ஆரம்பித்தார். கன்னியம்மா திரும்பி, "கத்திக்கினு இருந்தா நெல்லு வீட்டுக்கு வந்துடுமா? கொஞ்சம் இரு" என்றார். அப்புறம் என்னிடம், "ஆவுறதைப் பாரு. மிஷினு இப்ப எங்க நிக்குது?" என்றார்.

கணக்குப் போட்டோம். வியாழக்கிழமைப் பட்டியலில் ஐந்து பேர். விட்டுப்போன ஏழு பேர். வெள்ளிக்கு மூன்று பேர். மொத்தம் பதினைந்து. நாளைக்குச் சாயங்காலம் வரைதான் நேரம். ஒரு நாளைக்கு ஐந்து என்றால் பத்துதான் முடியும். சேகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அம்மா, உங்க பட்டியலுக்கு ஓடினா அஞ்சுதாங்க முடியும். ஒருத்தரு வயலு இந்தக் கோடி, அடுத்தவரு வயலு அந்தக் கோடி. அறுக்கறதைவிட ரோட்டுல ஓடிக்கினு இருக்கறதுதான் ஜாஸ்தி. வாய்க்கா ஓரமா ஒரே பக்கமா வுட்டீங்கன்னா ஏழு அறுத்துடுவேன்."

அந்தப் பட்டியல்தான் என் பெருமை. முதலில் பதிந்தவருக்கு முதலில், யாருக்கும் சிபாரிசு இல்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நல்ல ஒழுங்குதான். ஆனால் அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஐந்து பேருடைய நெல் போயிருக்கும். விட்டேன். ஆனால் நானாக விடவில்லை. வாசலில் நின்றவர்களிடம் கேட்டு, வீட்டில் இருந்தவர்களுக்குப் போன் செய்து கேட்டுத்தான் விட்டேன். வியாழக்கிழமைப் பட்டியலில் இருந்த ஒருவர் மட்டும், "எனக்கு ரெண்டாவதுன்னு சொன்னியே, இன்னா விளையாடறியா" என்று கத்தினார். கன்னியம்மா என் கையிலிருந்து போனை வாங்கிப் பேசினார். என்ன சொன்னாரோ, அவர் ஒத்துக்கொண்டார்.

பிரிண்ட் எடுத்த பட்டியலைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் கன்னியம்மா வாய்க்காலை வரைந்தார். எந்த வயலில் ஈரம் காயவில்லை, எதில் கதிர் சாய்ந்துவிட்டது, எந்த வரப்பு வழியாக மிஷின் இறங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மற்றவர்கள் திருத்தினார்கள். இருபது நிமிஷத்தில் பதினைந்து வயலும் ஒரு வரிசைக்கு வந்தன. அத்தனை விவரமும் எங்கள் ஊரில் ஏற்கெனவே இருந்தது. என் பக்கத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட நான் வைத்திருக்கவில்லை.

சாய்ந்த பயிர் முதலில் என்று முடிவானது. ஏழுமலை கையைத் தூக்கினார். "என்னுது சாயாம நிக்குது. கடைசியில போட்டுக்கோங்க."

சேகர் அன்றும் மறுநாளும் மிஷினை விட்டு இறங்கவில்லை. சோற்றைக்கூட வயலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். நான் ஆபீஸில் உட்கார்ந்து, ஒரு வயல் முடிய முடிய அடுத்தவருக்கு, "டிராக்டரை எடுத்துகினு கிளம்புங்க" என்று போன் செய்துகொண்டிருந்தேன். வியாழக்கிழமை ஏழு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பத்தாவது. ஒன்றரை மணிக்குப் பன்னிரண்டாவது. இப்படியே போனால் முடித்துவிடலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்காவது வயலில் கடைசிச் சுற்று ஓடும்போது, மூன்றரை மணிக்கு, மழை வந்துவிட்டது. ராத்திரி வரும் என்று சொன்ன மழை. ஏழுமலையின் ஒரு ஏக்கர் அப்படியே நின்றது.

அன்றைக்கு நாலரை மணிக்கு டீச்சர் போனில் இருக்க, அந்த வரியைத் திறந்து நம் ஊர் நேரத்தைப் போட்டேன். அரை நிமிஷ வேலை. "சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மறுநாள் விடியலில் நாலே முக்காலுக்கு எழுந்து, கொட்டுகிற மழைச் சத்தத்தில் நானே என் போனில் பச்சைப் பட்டனை அழுத்திப் பார்த்தேன். சரியான நாளில் போய் விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதை யாருக்கும் போன் செய்து சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். நெல் மொத்தமும் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. அவர் மண்வெட்டியால் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"மழைக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "புதன்கெழம பதிஞ்சது ஒழுங்கா இருந்திருந்தா வியாழக்கெழமையே அறுத்திருப்பேன். அதான் பேஜாரா இருக்குது" என்றார். மறைக்காமல் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஒருவிதத்தில் நல்லதாக இருந்தது.

எப்படி நடந்தது என்று கேட்டார். வரப்பில் நின்றபடியே லண்டன் கடிகாரத்தையும் ஐந்தரை மணியையும் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"அது அன்னிக்குச் செவ்வாக்கெழமைன்னு நெனச்சிக்கினு இருந்துது. சரி. எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லிச்சே. நாளை மிஷின் வரும்னு வந்திருக்குமே."

"நாளைன்னா எந்த நாளை? புதன்கெழமைன்னு போட்டுக் காமிச்சிருந்தா, அட, அது இன்னிக்காச்சேன்னு அப்பவே உங்களுக்குப் போன் பண்ணியிருப்பேனே. விடிஞ்சதும் நேரா வந்திருப்பேன்."

நேரத்தைச் சரிசெய்துவிட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். டீச்சருக்கும் தோன்றவில்லை. ஒரு கிழமையைப் போட்டிருந்தால் முதல் நாளே, முதல் மாட்டுக்காரரே என் தப்பைக் கண்டுபிடித்திருப்பார். பொங்கலுக்கு முன்னால் கன்னியம்மா கண்டுபிடித்திருப்பார். நனைந்த நெல்லுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒருத்தி இவ்வளவு பரபரப்பாகக் கூடாது. ஆனால் எனக்கு அங்கிருந்து ஆபீசுக்கு ஓட வேண்டும் போலிருந்தது. அவருக்கு அது தெரிந்துவிட்டது. "போங்க, போய் ஜல்தியா மாத்துங்க" என்றார்.

ஐந்தாவது நாள் ஆள் விட்டு அறுத்தார். பாதிதான் தேறியது. மிச்சம் முளைத்துப்போய் மாட்டுக்குத்தான் ஆனது. அவர் அடுத்த பருவத்துக்கும் நம்மிடம்தான் பதிந்தார். அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு மிஷின் வேண்டும், நம்மிடம் மிஷின் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே 'நாளை' என்ற சொல்லைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிழமை, தேதி, மாதம் மூன்றையும் போட்டேன். பட்டனிலும் போட்டேன், பதிந்த பிறகு வரும் வரியிலும் போட்டேன். போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார், சின்ன போனில் அந்த வரி மடங்கி இரண்டு வரியாகத் தெரிகிறது, 'நாளை' என்று போட்டால் அழகாக ஒரே வரியில் அடங்குமே என்று. அடங்கும். அழகாகவும் இருக்கும். எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். நிறத்தை மாற்றுங்கள், பட்டனை மாற்றுங்கள், ஜாங்கோவையே மாற்றிவிட்டு வேறொன்றில் புதிதாக எழுதினாலும் வந்து உட்கார்ந்து ஆசையாகப் பார்ப்பேன். அந்த வரி மட்டும் மடங்கினால் மடங்கட்டும். கிழமை இருக்கட்டும்.